கீழ்த்தெருவின் ஒரு நிமிடம்

கணக்கில் ஒரு நிமிடம் இடித்தது. ஒரு தடவை என்றால் கைத்தவறு என்று விட்டுவிடலாம். மூன்று ஒத்திகையிலும் அதே ஒரு நிமிடம்.

இடித்தது சங்குக்குத்தான். ஊரை எச்சரிக்கிற இயந்திரத்துக்குக் கோப்புகளில் 'அபாய சைரன்' என்று பெயர். தெருவில் அது சங்கு. அதை ஓட்டிப் பராமரிக்கிறவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரரே யாரென்று யோசிப்பார். "சங்கு வர்றார், இன்னைக்கு யாருக்கு ஊதப்போறாரோ" என்று கீழ்த்தெருவின் முடிதிருத்தும் கடைக்காரர் பதினாறு வருடமாக ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கும் பதினாறு வருடமாகச் சிரிக்காமல் இருந்தார்.

கணக்கு சிக்கலானது அல்ல. மேலே அணை, கீழே ஊர். அணைக்கு ஏதாவது ஆகிச் சங்கு ஊதினால், அந்த நொடியிலிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் தண்ணீர் கீழ்த்தெருவைத் தொடும் என்று பொறியாளர்கள் சென்ற ஆண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் தெரு முழுவதும் மேட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஏறிவிட வேண்டும். தெருவிலேயே மெதுவாக நடக்கிறவர் சங்கின் அக்கா. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கு நிறுத்தற்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அக்காவுக்குப் பின்னாலேயே நடந்து பார்த்தார். பம்ப் அறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை மூச்சு வாங்கியதையும் சேர்த்து, பதினொன்றரை நிமிடம். அரை நிமிடம் மிச்சம். நெருக்கடிதான், ஆனால் போதும்.

ஒத்திகையில் அது போதவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் பகலில் நடந்த மூன்று ஒத்திகைகளிலும் கடைசி ஆளாக மைதானத்தில் கால்வைத்தது அக்காதான். பன்னிரண்டு நிமிடம் முப்பத்தோரு விநாடி. அடுத்தது இருபத்தெட்டு. அதற்கடுத்தது முப்பத்து மூன்று. அரை நிமிடம் முந்துவதற்கும் அரை நிமிடம் பிந்துவதற்கும் நடுவில் இடுப்பளவுத் தண்ணீர் இருக்கிறது என்பது சங்குக்குத் தெரியும்.

அக்காவிடம் கேட்டார். "சத்தம் வந்ததும் கிளம்பிட்டேன்டா. கதவைக்கூடப் பூட்டலை" என்றார் அக்கா. அக்கா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. தையல் கடை வைத்திருப்பவர். அளவு விஷயத்தில் ஒரு நூல் இடம் கொடுக்க மாட்டார்.

பாதுகாப்பு அலுவலகத்தின் அலுவலர் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். எதற்கும் ஒரு சுற்றறிக்கை விடுவதால் ஊரில் அவருக்குச் சுற்றறிக்கை என்றே பெயர். "உங்க சங்கு அங்க சரியாக் கேக்கலை போலிருக்கு" என்று அவர் ஒரு வரி சொன்னார். அந்த ஒரு வரி சங்குக்கு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

ஏனென்றால் சங்கு எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியும். கேட்டால் யாருக்கும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். உள்ளே துளைகள் போட்ட ஓர் உருளை. அதைச் சுற்றி அதே அளவு துளைகள் போட்ட ஒரு கூடு. மோட்டார் உருளையைச் சுழற்றும்போது துளையும் துளையும் நேருக்கு நேர் வந்தால் காற்று பீறிடும், விலகினால் அடைபடும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை பீறிட்டு அடைபடுகிற அந்தக் காற்றுதான் சத்தம். சுழற்சி ஏற ஏறக் குரல் ஏறும். அதனால்தான் எந்தச் சங்கும் எடுத்த எடுப்பில் உச்சத்தில் கத்துவதில்லை. அடிவயிற்றிலிருந்து தொடங்கி எட்டு விநாடியில் மேலே போகும். நிறுத்தினாலும் உடனே நிற்காது, இருபது விநாடி முனகிவிட்டுத்தான் ஓயும்.

எட்டு விநாடியைக் கழித்தார். சத்தம் கீழ்த்தெருக் கடைசிவரை போக இரண்டு விநாடி, அதையும் கழித்தார். இன்னும் ஐம்பது விநாடி நின்றது. ஒலியளவு காட்டும் கருவியை எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவின் ஒவ்வொரு வீட்டிலும் வைத்துப் பார்த்தார். அக்காவின் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பலகைமேல் வைத்துப் பார்த்தார். குளியலறைக்குள், குழாயைத் திறந்துவிட்டு வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் முள் ஏற வேண்டிய அளவுக்கு ஏறியது. சங்கின்மேல் குற்றமில்லை. ஆனால் குற்றம் யார்மேல் என்றும் தெரியவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. ஒத்திகை நேரத்தில் கீழ்த்தெரு எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் பார்த்ததே இல்லை. சங்கு இருப்பது தண்ணீர்த் தொட்டியின் உச்சியில். அங்கிருந்து மேட்டுப் பள்ளி மைதானம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கீழ்த்தெருவைப் பழைய ஆலையின் கூரை மறைத்துவிடும். காதுமூடி போட்டுக்கொண்டு விசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உலகத்தில் தெரிவது ஒரு கூரை மட்டும்தான்.

நான்காவது ஒத்திகைக்கு விசையைச் சுற்றறிக்கையின் கையில் ஒப்படைத்துவிட்டு, முடிதிருத்தும் கடை வாசலில் போய் நின்றார். நாற்காலியில் ஒருவர் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்தார். எதிர்க் கடையில் பழம் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கட்டடம் தள்ளி அக்காவின் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது.

சங்கு ஊதியது.

தெரு நின்றது.

கடைக்காரர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்து விலக்கிப் பிடித்தபடி நேராக நின்றார். நுரை முகக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, துண்டு கழுத்தில் தொங்க, தலையைக் குனிந்தார். பழக்கடையில் தராசுத் தட்டு ஆடி ஓயும்வரை யாரும் அதைத் தொடவில்லை. சைக்கிளில் வந்தவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி இறங்கினார். அக்கா தன் கடை வாசலுக்கு வந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடினார். சரியாக ஒரு நிமிடம். சத்தம் நிற்கவில்லை என்றதும் கடைக்காரர் முதலில் கண்ணைத் திறந்தார். "ஐயோ, இது ஒத்திகைடா" என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் தெரு மேட்டைப் பார்த்து நகர்ந்தது.

சங்குக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது. யாரையாவது பிடித்து நான்கு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறக்கும்போதுதான், தன் தொப்பி தலையில் இல்லை, கையில் இருக்கிறது என்பதைக் கவனித்தார். அந்த ஒரு நிமிடமும் அவரும் நின்றிருக்கிறார். இயந்திரத்தின் ஒவ்வொரு திருகும் தெரிந்த மனிதர், ஒத்திகை என்று தெரிந்தே வந்தவர், தலை குனிந்து நின்றிருக்கிறார்.

இது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலை, பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பழைய அணை உடைந்தது. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு பேர். கீழ்த்தெருவில் மட்டும் தொண்ணூற்று நான்கு. அக்காவின் கணவர் அதில் ஒருவர். அன்று ஊரில் சங்கு இல்லாமல் இல்லை. ஆலையில் வேலை நேரத்துக்கு ஊதுகிற சங்கு இருந்தது, ஊத ஆள் இருந்தார், மின்சாரமும் இருந்தது. ஆற்றின் நிறம் மாறியதைப் பார்த்த காவலாளி, சங்கை ஊதலாமா என்று தொலைபேசியில் கேட்டார். உத்தரவு வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள். அவர் பொறுத்தார். தண்ணீர் பொறுக்கவில்லை. விசாரணைக் குழு நான்கு தொகுதி எழுதியது. நான்கையும் படித்த சங்குக்கு நினைவில் நின்றது ஒரே சொல்: நடைமுறைக் குறைபாடு.

அடுத்த ஆண்டு, பள்ளத்தாக்கு முழுவதும் புதுச் சங்குகள் வந்தன. ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில், பத்து மணி பத்து நிமிடத்துக்கு, எல்லாச் சங்குகளும் ஒரு நிமிடம் ஊதும். வானொலி அந்தச் சத்தத்தை நாடெங்கும் ஒலிபரப்பும். பேருந்துகள் ஓரம்கட்டும், வகுப்புகள் எழுந்து நிற்கும். ஒரு நாடே பதினாறு ஆண்டுகளாகச் சங்கு கேட்டால் அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டிருந்தது. அடுத்த தடவை ஓட வேண்டும் என்பதற்காக வைத்த சங்கு அது.

சங்கு போய்ச் சுற்றறிக்கையிடம் விளக்கினார். படம் போட்டு விளக்கினார். சுற்றறிக்கை பொறுமையாகக் கேட்டுவிட்டு, விதிமுறையில் இதற்கு ஏற்கனவே வழி இருக்கிறது என்றார். நினைவு நாளுக்கு ஒரே சீரான ஒலி; அபாயத்துக்கு ஏறி இறங்குகிற ஒலி. வித்தியாசம் தெளிவாக இருக்கிறதே?

"சார், ரெண்டும் ஒரே இடத்துலதான் ஆரம்பிக்குது" என்றார் சங்கு. "உருளை சுத்தி மேல வரவே எட்டு விநாடி ஆகும். அது முடிஞ்சு ஒரு தடவை இறங்கினாத்தான் வித்தியாசமே தெரியும். அதுக்குள்ள இவங்க கண்ணை மூடிடுறாங்க. மூடினவங்க காதையும் சேர்த்து மூடிடுறாங்க. நிமிஷம் முடிஞ்சும் ஓயலையேன்னுதான் முழிச்சுக்கிறாங்க. அதான் கணக்கு சரியா ஒரு நிமிஷம் இடிக்குது."

சுற்றறிக்கை யோசித்தார். சுற்றறிக்கை விட்டார். வீட்டுக்கு இரண்டு வீதம் துண்டுத்தாள் போனது. படம் போட்டு, பெரிய எழுத்தில், எந்த ஒலிக்கு நிற்க வேண்டும், எந்த ஒலிக்கு ஓட வேண்டும் என்று விளக்கமாக இருந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் அதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கத்தி துடைக்க எடுத்துக்கொண்டார். ஐந்தாவது ஒத்திகையில் தெரு நின்ற நேரம் ஐம்பத்திரண்டு விநாடி. எட்டு விநாடி முன்னேற்றம் என்று அலுவலகம் அறிக்கை எழுதியது. சங்கு அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். படித்தது கண். நின்றது கால். காலுக்கு யார் போய்த் துண்டுத்தாள் கொடுப்பது?

கடைசியாக ஒரு மனு எழுதினார். நினைவு நாளில் சங்கே ஊதக்கூடாது. மணி அடிக்கலாம், கொடி இறக்கலாம், வேறு எதுவும் செய்யலாம். இது நாடு தழுவிய நிகழ்ச்சி, தன் கையில் இல்லை என்றார் சுற்றறிக்கை. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சங்கம் சம்மதித்தால் மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார்.

அந்தச் சங்கத்தின் செயலாளர் அக்கா.

அக்கா மனுவை ஒரு தடவை படித்தார். மடித்தார். தம்பியின் சட்டைப்பையில் திருப்பிச் செருகினார். அதற்குப் பிறகு பத்து நாள் அவரோடு பேசவில்லை. ஊர் முழுவதும் செய்தி பரவியது. தொட்டிக்கு ஏறுகிற வழியில் சங்கின் முகத்தைப் பார்க்காமல் போகிறவர்கள் கூடினார்கள். கடைக்காரர்கூட நகைச்சுவையை நிறுத்திக்கொண்டார். சங்குக்கு அது வாழ்க்கையில் முதல்முறையாகக் குறையாகத் தெரிந்தது.

பதினோராவது நாள் அவர் அக்கா கடைக்குப் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. மழைக்காலத்துக்கு முன்பு சங்கை மூடிவைக்கிற தார்ப்பாய் உறையை ஆண்டுதோறும் தைத்துக் கொடுப்பவர் அக்கா. உறை தயாராக இருந்தது. அக்கா அதை எடுத்துக் கொடுக்காமல், ஓரத்தை இன்னொரு தடவை தைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஒரு சத்தம் வரலை" என்றார், இயந்திரத்தை நிறுத்தாமலே. "கேட்டுக் கேட்டு அலைஞ்சு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சத்தம் வரணும்னு வாங்கினோம். அதைப் போய் என் கூடப் பொறந்தவனே நிறுத்தச் சொல்றான்."

"சத்தத்தை நிறுத்தச் சொல்லலைக்கா. நீ நிக்கிறதைத்தான் சொல்றேன். பன்னிரண்டு நிமிஷம் முப்பது விநாடி. அந்த மூணு ஒத்திகைத் தாள்லயும் கடைசிப் பேர் யாருதுன்னு பாத்தியா?"

"சத்தம் வந்ததும் கிளம்பிட்டேன்னு சொன்னேனே."

"நின்னே. நான் கண்ணால பாத்தேன். கையைக் கோத்துக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு."

இயந்திரம் நின்றது. அக்கா பொய் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடம் அவர் கணக்கிலேயே இல்லை. மூச்சு விடுவதை யாரும் நேரமாக எண்ணுவதில்லை அல்லவா, அப்படி. தம்பி சொன்னதை அவர் மனத்துக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சங்கு ஒரு தடவையாவது விளக்காமல் இருப்போம் என்று வாயை மூடிக்கொண்டார்.

"நிக்கணும்னு நாங்க கேக்கவே இல்லை" என்றார் அக்கா. "நாங்க கேட்டது சத்தம் மட்டும்தான். முதல் வருஷம் யாரோ பெரிய ஆள் வர்றார்னு, எல்லாரும் அசையாம நிக்கணும்னு ஒரு தாள் அனுப்பினாங்க. நின்னோம். அப்புறம் அதுவே ஆயிடுச்சு."

"தாளா? சுற்றறிக்கையா?"

"வேற என்ன வரும் அங்கேயிருந்து?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சங்கு தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினார். அக்கா மறுமுனையைப் பிடித்தார்.

"அன்னைக்குச் சங்கு ஊதியிருந்தா அத்தான் என்னக்கா பண்ணியிருப்பார்?"

"ஓடியிருக்க மாட்டார். பஸ்ஸே போனாலும் ஓடாத மனுஷன் அவர்." அக்கா மடிப்பை நீவிவிட்டார். "நடந்திருப்பார். கதவைப் பூட்டி, பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டு, மேட்டைப் பாத்து நடந்திருப்பார். நேரம் இருந்துச்சே. அவர் நடைக்குக்கூட நேரம் இருந்துச்சு."

பிறகு அவர் உறையைத் தம்பியின் கையில் வைத்து, மோட்டாரை நிறுத்தாமல் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று கேட்டார். சங்குக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் போதும். சுருளில் சூடேறுவதைப் பற்றி, காற்றே மோட்டாரைக் குளிர்விப்பதைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு, கால்மணி நேரம் தாராளமாக ஓடும் என்று முடித்தார்.

"எனக்குப் பதினொன்றரை போதும்" என்றார் அக்கா.

நினைவு நாளன்று காலை, சங்கு வழக்கம்போலத் தொட்டிமேல் இருந்தார். கீழ்த்தெரு முனையில், ஆற்றோர நினைவுக்கல்லுக்கு முன்னால் மேடை. முதல் வரிசையில் அக்காவுக்கு நாற்காலி. பத்து மணி பத்து நிமிடத்துக்கு விசையை அழுத்தி, நிறுத்தற்கடிகாரத்தையும் அழுத்தினார். அங்கே நடந்ததை முடிதிருத்தும் கடைக்காரர் பிற்பாடு சொல்லித்தான் அவருக்குத் தெரியும். எல்லாரும் நின்றார்களாம். அக்கா மட்டும் எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டி, மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாராம். உடம்புக்கு முடியவில்லையோ என்று சுற்றறிக்கை பின்னாலேயே ஓடிவந்து தாழ்ந்த குரலில் கேட்டாராம். "சத்தம் வந்திருக்கு சார். நடக்கிறேன். நீங்களும் வாங்க" என்றாராம் அக்கா. உறவுகளை இழந்த குடும்பங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. அக்கா நடக்கும்போது நிற்பது மரியாதையா, நடப்பது மரியாதையா என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் பழக்கடைக்காரர் கிளம்பினார். பிறகு தெருவே கிளம்பியது. முடிதிருத்தும் கடைக்காரர் தன் கடை வாசலைக் கடக்கும்போது பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாராம்.

ஒரு நிமிடம் முடிந்தது. சங்கு விசையிலிருந்து கையை எடுக்கவில்லை.

காதுமூடி போட்டிருப்பவருக்காகத் தொட்டி அறைத் தொலைபேசியில் ஒரு சிவப்பு விளக்கு பொருத்தியிருந்தது. மணி அடித்தால் அது மின்னும். இரண்டாவது நிமிடத்தில் மின்னத் தொடங்கியது. நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஐந்தாவது நிமிடத்திலும் மின்னியது. பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காவலாளி இப்படி ஒரு தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், உத்தரவுக்காக. சங்கு தார்ப்பாய் உறையை எடுத்துத் தொலைபேசிமேல் போட்டு மூடினார். மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது நிமிடத்தில் முதல் தலை தெரிந்தது. அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. பதினொன்றாவது நிமிடத்தில் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை சுவரைப் பிடித்திருக்க, அக்கா மைதானத்துக்குள் காலை வைத்தார். கடிகாரம் பதினொரு நிமிடம் நாற்பது விநாடி காட்டியது. அவர் விசையைத் தூக்கினார்.

சங்கு இருபது விநாடி முனகி ஓய்ந்தது. அதன் பிறகுதான், மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் நின்றார்கள். சங்கு காதுமூடியைக் கழற்றினார், தொப்பியையும் கழற்றினார். ஒரு நிமிடம் எதுவும் கேட்கவில்லை.

விளக்கம் கேட்டு அவருக்கு இரண்டு கடிதம் வந்தது. இரண்டுக்கும் விளக்கம் எழுதினார், படங்களோடு, பன்னிரண்டு பக்கம். அதைப் படித்து முடிப்பதைவிட ஒப்புக்கொள்வது சுலபம் என்று மேலே யாரோ முடிவெடுத்திருக்க வேண்டும். மழை தொடங்கிய வாரம் ஆறாவது ஒத்திகை நடந்தது. சங்கு கீழ்த்தெருவில் நின்று பார்த்தார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். நுரையோடு இருந்தவர் நுரையோடே நடந்தார். தெருவில் முதல் கால் நகர ஆன நேரம் ஐந்து விநாடி. அக்கா மைதானத்தை அடைந்தது பதினொரு நிமிடம் முப்பத்தாறு விநாடியில்.

சுற்றறிக்கை அதை ஒரு சுற்றறிக்கையாக விட்டார். அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறியது அது: சங்கு ஊதும்போது மேட்டுப் பள்ளிக்கு நடக்க வேண்டும். சங்கு ஓய்ந்த பிறகு, அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நினைவு நாளுக்கும் மற்ற எல்லா நாளுக்கும் இது ஒன்றே விதி.